‘என்கோமியெண்டா’வுக்குத் தமிழில் என்ன சொல்வது?

வணக்கம். 1680-இல் புவெப்லோ பழங்குடி மக்கள் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக நடத்திய கிளர்ச்சி பற்றிப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதுகிறேன். மூன்று வாரமாக ஒரே சொல்லில் நிற்கிறேன்.

இடம் நியூ மெக்சிகோ, இன்றைய அமெரிக்காவின் தென்மேற்கில். என்கோமியெண்டா முறையில் ஸ்பானிய மன்னர் ஒருவருக்கு நிலம் தருவதில்லை. ஒரு ஊர் மக்களிடம் திறை வாங்கும் உரிமையைத்தான் தருகிறார். வீட்டுக்கு ஆண்டுதோறும் ஒரு பருத்திப் போர்வை, ஒரு ஃபனேகா (பழைய ஸ்பானிய தானிய அளவு) மக்காச்சோளம். பஞ்சத்திலும் இதைக் கேட்டார்கள். அந்தப் போர்வையை நெய்தவர்களின் கோபம் புரியாமல், கிளர்ச்சித் தலைவர் போபே ஊர்களுக்கு அனுப்பிய முடிச்சுக் கயிறு மாணவர்களுக்கு வெறும் சாகசக் கதையாகிவிடும். நாளுக்கு ஒரு முடிச்சு அவிழ்க்க வேண்டும், கடைசி முடிச்சு அவிழும் நாளில் எல்லா ஊரும் எழ வேண்டும். கயிறு கொண்டுபோன தூதர்கள் இருவர் பிடிபட்டதால், குறித்த நாளுக்கு முன்பே, ஆகஸ்ட் 10 அன்று கிளர்ச்சி வெடித்தது. விரட்டப்பட்ட ஸ்பானியர் 1692-இல்தான் திரும்பினார்கள். அதன்பின் அங்கே இந்த முறை உயிர்பெறவில்லை.

‘ஜமீன்’ போட்டுப் பார்த்தேன், வாசித்தவர்கள் நிலம் என்றே நினைத்தார்கள். ‘ஜாகீர்’ கொஞ்சம் கிட்ட வருகிறது, ஆனால் அதுவும் நிலவரிதான். ‘பாளையம்’ சரிவரவில்லை. அப்புறம் ‘குடித்திறை உரிமை’ என்று நானே ஒன்று கட்டினேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கவில்லை. ஸ்பானியச் சொல்லையே வைத்தால் ஒவ்வொரு பக்கத்திலும் விளக்கம் தேவைப்படுகிறது.

நிலம் இல்லாமல், ஆட்களிடம் திறை வாங்க மட்டும் கொடுத்த உரிமைக்கு நம் கல்வெட்டிலோ பேச்சுவழக்கிலோ ஒரு சொல் இருக்கிறதா?