உவர் மண்ணில் ஸ்ட்ராபெரி: சாலிசிலிக் அமிலம் தெளித்தால் பயன் உண்டா?

கேள்வி:
வணக்கம். என் ஸ்ட்ராபெரிச் செடிகளில் முதிர்ந்த இலைகளின் ஓரம் பழுப்பேறிக் கருகுகிறது. புதிய இலைகள் சிறுத்தே வருகின்றன. மண் பரிசோதனையில், நிறைவுற்ற மண்சாற்றின் மின்கடத்துதிறன் (உப்பு கூடக் கூட இதுவும் கூடும்) மீட்டருக்கு 1.8 டெசிசீமென்ஸ் என்று வந்துள்ளது. சாலிசிலிக் அமிலம் போன்ற பயிர் ஹார்மோன்கள் உப்பின் பாதிப்பைக் குறைக்கும் என்று படித்தேன். எந்த அளவில், எந்தப் பருவத்தில் தெளிக்க வேண்டும்? வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்ரெலின் என்ற ஹார்மோனும் உதவுமா?

பதில் 1:
உப்பைச் சற்றும் தாங்காத பயிர்களில் ஸ்ட்ராபெரியும் ஒன்று. பொதுவாகப் பயன்படுத்தப்படும் அளவீட்டின்படி மண்சாற்றில் 1.0 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும், 1.8-இல் ஏறத்தாழ கால் பங்கும், 2.5-இல் பாதியும் போய்விடும். ஆகவே உங்கள் செடிகள் ஏற்கெனவே இழப்பில்தான் இருக்கின்றன.

உப்பு இரு வழிகளில் தாக்குகிறது. முதலில், மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் நீரை எளிதில் உறிஞ்ச முடியாமல் போவதால் இலைகள் சிறுக்கின்றன. பின்னர் சோடியமும் குளோரைடும் முதிர்ந்த இலைகளில் சேர்ந்து ஓரத்தைக் கருக்குகின்றன. சாலிசிலிக் அமிலம் செடியின் தற்காப்பை முன்கூட்டியே தூண்டிவிடுகிறது: செல்களைச் சிதைக்கும் வினைமிகு ஆக்சிஜனை முறிக்கும் நொதிகளின் செயல்பாடு கூடுகிறது, செல்லில் நீரைத் தக்கவைக்க உதவும் புரோலின் என்ற அமினோ அமிலம் சேர்கிறது, செல் சவ்வின் கசிவு குறைகிறது. கருகிய இலையை அது மீட்காது என்பதால், உப்பு ஏறும் காலத்துக்கு முன்பே, புதிய இலைகள் விரிந்து வரும்போது தெளிப்பதே பயன் தரும்.

தெளிப்புக்கு 0.5 மில்லிமோலார் அளவில் தொடங்கலாம். அதாவது லிட்டர் நீருக்கு சுமார் 69 மில்லிகிராம். தூள் நீரில் மெதுவாகவே கரையும். சிறிதளவு எத்தனாலில் கரைத்துவிட்டு நீரில் கலக்குவது எளிது. கரைசல் அமிலத்தன்மை கொண்டது என்பதால் காரகாடித்தன்மையை (pH) 6-க்கு மேல் கொண்டுவந்த பிறகே தெளியுங்கள். செறிவு கூடினால் இதே அமிலம் இலையைப் பொசுக்கிவிடும். சில செடிகளில் முதலில் தெளித்துப் பாருங்கள். சிலவற்றைத் தெளிக்காமலே விட்டால்தான் ஒப்பிட முடியும்.

ஜிப்ரெலினை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்ட்ராபெரியில் அது இலைக்காம்பை நீட்டி, ஓடுதண்டுகளைப் பெருக்கும். நீருக்குத் திணறும் செடிக்கு அது கூடுதல் சுமை.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் எந்த ஹார்மோனும் மண்ணிலிருந்து ஒரு துகள் உப்பைக்கூட வெளியேற்றாது என்பதை மறக்க வேண்டாம். வடிகால் நன்றாக இருந்தால், 30 செ.மீ. ஆழ மண்ணின் வழியே 15 செ.மீ. உயர நீரை இறங்கவிட்டால் கரையும் உப்பில் ஏறத்தாழ பாதி அடித்துச் செல்லப்படும். பாசன நீரையும் சோதியுங்கள். அதன் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமென்ஸுக்கு மேல் இருந்தால் மண் மீண்டும் உவர்க்கும். பொட்டாசியம் குளோரைடு இடுபவராயின் பொட்டாசியம் சல்ஃபேட்டுக்கு மாறுங்கள். ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு உரியது. சோடியம் மிகாத வெறும் உவர் மண்ணில் இட்டால் உப்பைத்தான் கூட்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பாசன நீரைப் பரிசோதனைக்கு அனுப்புகிறேன். அப்சிசிக் அமிலம், பிராசினோஸ்டீராய்டு ஆகிய பயிர் ஹார்மோன்களை முயலலாமா?

பதில் 3:
அப்சிசிக் அமிலம் இலைத்துளைகளை மூடச் செய்வதால் நீராவிப்போக்கும் அதனுடன் மேலேறும் உப்பும் குறையும். ஆனால் ஒளிச்சேர்க்கையும் கூடவே குறைகிறது, வெயிலில் அது விரைவில் சிதைந்தும் விடும். காய்க்கும் செடிக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். பிராசினோஸ்டீராய்டு மிக மிகக் குறைந்த செறிவிலேயே வேலை செய்வது. ஒளிச்சேர்க்கையையும் நொதிகளையும் காக்கும் என்பதால் அது கவனிக்கத்தக்கது. எனினும் பல ஹார்மோன்களைக் கலந்து தெளிக்காமல், முதலில் சாலிசிலிக் அமிலத்தை மட்டும், உப்பை அடித்து வெளியேற்றிய பாத்தியில் தெளித்துப் பாருங்கள். பலனை முதிர்ந்த இலைகளில் தேடாமல், அதன்பின் விரியும் இலைகளின் அளவிலும் ஓரத்திலும் பாருங்கள்.