திருத்தங்களில் கரைந்துபோன வேலையைப் போர்ட்ஃபோலியோவில் காட்டுவது எப்படி?

சாம்பல்_நிறம்:
எங்கள் நிறுவனத்தில் வடிவமைப்பாளர் நான் ஒருத்திதான். ஆண்டறிக்கை, பேனர், யாரோ ஒருவருடைய பிறந்தநாள் வாழ்த்து அட்டை, எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். எழுத வேண்டியதை எழுதித் தருவதற்கு முன்பே "டிசைன் தயாரா?" என்று கேட்பார்கள். தயாரானதும் விற்பனைப் பிரிவு லோகோவைப் பெரிதாக்கச் சொல்லும், மனிதவளப் பிரிவு சிறிதாக்கச் சொல்லும். அச்சுக்குப் போகும்போது எழுத்துருவைத் தவிர என்னுடையது என்று எதுவும் மிஞ்சியிருக்காது.

இப்போது வேறு வேலை தேடுகிறேன். அதற்குச் செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோ ஒன்று வேண்டும். திருத்தங்களுக்கு முந்தைய வடிவத்தைக் காட்டினால் பொய் சொல்வது போலிருக்கிறது. வெளிவந்ததைக் காட்டவோ கூச்சமாக இருக்கிறது. என் வேலையை நானே புகழ்ந்து எழுதவும் கை வரவில்லை. என்ன செய்வது?

மூன்று_மில்லிமீட்டர்:
புகழ்ந்து எழுதச் சொல்லி உங்களை யார் கேட்டார்கள்? ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவன் நான். 'நேர்த்தியான, நவீனமான வடிவமைப்பு' என்ற வரியைக் கண்டாலே அடுத்த விண்ணப்பத்துக்குத் தாவிவிடுவேன். என்ன சிக்கல் வந்தது, எதை விட்டுக்கொடுத்தீர்கள், எதற்காக மல்லுக்கு நின்றீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

எங்களிடம் நேர்காணலுக்கு வந்த ஒரு பெண் காட்டியது வெறும் இணையப் படிவம். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்துதான் வேண்டும் என்று அவருடைய மேலாளர் அடம்பிடித்திருக்கிறார். இவர் அழகைப் பற்றி வாதாடவே இல்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிற டபிள்யூசிஏஜி (இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வதற்கான சர்வதேச விதித்தொகுப்பு) வழிகாட்டுதலைக் காட்டி, அந்த வெளிர்சாம்பலையும் அளந்து அனுப்பிவிட்டார். மேலாளர் மறுபேச்சுப் பேசவில்லையாம். படிவம் பார்க்கச் சுமார்தான். அவரை எடுத்துக்கொண்டோம்.

ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கணினி நிறுவனத்துக்கு 1986-இல் லோகோ செய்த புகழ்பெற்ற அமெரிக்க வடிவமைப்பாளர் பால் ராண்ட், ஒரே ஒரு வடிவத்தைத்தான் கொடுத்தார். கூடவே அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்று படிப்படியாக விளக்கும் புத்தகம் ஒன்றையும் கொடுத்தார். அவருக்கிருந்த செல்வாக்கு நமக்குக் கிடையாது, அது கிடக்கட்டும். உங்கள் போர்ட்ஃபோலியோ அந்தப் புத்தகத்தின் வேலையைச் செய்தால் போதும்.

இரண்டு வடிவங்களையும் அருகருகே வையுங்கள். முந்தையதன் கீழே 'வெளிவராத வடிவம்' என்று போட்டுவிட்டால் அதில் பொய் எங்கே இருக்கிறது? மேலாளரைக் கிண்டலடிக்கும் தொனி மட்டும் வேண்டாம். நாளை எங்களையும் இப்படித்தானே எழுதுவார் என்று தோன்றிவிடும்.

லோகோ சண்டைக்கு வருகிறேன். இரு பிரிவினரும் தனித்தனியாக உங்களிடம் வரவே கூடாது. அவர்களில் ஒருவர் எல்லாக் கருத்துகளையும் திரட்டி, முரண்களை அவர்களுக்குள்ளேயே தீர்த்து, ஒரே பட்டியலாக அனுப்ப வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஓரப்பட்டை:
அருகருகே வைப்பதற்கு முன்பு ஒப்பந்தத்தைப் படியுங்கள். சம்பளத்துக்குச் செய்த வேலையின் பதிப்புரிமை பல நாடுகளில் நிறுவனத்துக்கே உரியது. வெளிவராத வடிவம் என்றால் இன்னும் கவனம் தேவை. எழுத்தில் அனுமதி வாங்குங்கள். புகைப்படம் எடுத்தவர், ஓவியம் வரைந்தவர் பெயர்களையும் குறிப்பிடுங்கள். அதை விடுகிறவர்கள் மீது எனக்குத் தனிக் கோபம் உண்டு.

கட்டம்:
அனுமதி கிடைக்காவிட்டால், யாரும் கேட்காத விமான நிறுவன லோகோவை மாற்றி வரைந்து, வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையைக் காட்டும் பிஹான்ஸ் தளத்தில் போடும் வழிக்குப் போய்விடாதீர்கள். அங்கே குறுக்கே பேச ஆளே இல்லை என்பது பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும். ஒரு சிறிய நூலகத்துக்கோ நாடகக் குழுவுக்கோ போஸ்டர் செய்து கொடுங்கள். அதை அச்சேற்றுங்கள். திரையில் பளிச்சென்று இருந்த நீலம், அச்சுக்கான நான்கு நிற சிஎம்ஒய்கே மையில் மங்கிப்போகும். அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது எழுதத் தக்க விஷயம்.

சாம்பல்_நிறம்:
நன்றி. ஆண்டறிக்கையில் இரண்டு பக்கம் நீண்ட அட்டவணையை ஒரே வரைபடமாகச் சுருக்கியிருந்தேன். யாரும் அதில் கை வைக்கவில்லை. அனுமதி கேட்டு அதிலிருந்தே தொடங்குகிறேன். பிடிஎஃப் அனுப்பலாமா, இணையதளம் வேண்டுமா?

மூன்று_மில்லிமீட்டர்:
எதுவானாலும் அனுப்புவதற்கு முன் கைப்பேசியில் ஒரு தடவை திறந்து பாருங்கள். நான் அதில்தான் பார்க்கிறேன். அந்த வரைபடம் முதல் பக்கத்திலேயே வரட்டும்.