9 வயசுப் பிள்ளைக்கு லென்ஸா? பவர் ஏறுறது குறையுமா?

பழைய வண்ணை அம்மா:
பொண்ணுக்கு 9 வயசு. போன வருஷம் மைனஸ் 1.25, இப்ப மைனஸ் 2. செக்கப்புக்குப் போன இடத்துல, பவர் ஏறுறதை மெதுவாக்க ஒரு லென்ஸ் இருக்கு, காலையில புதுசு போட்டு ராத்திரி கழட்டித் தூக்கிப் போட்டுடணும்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரர் காதுலயே வாங்கல. மாமியாரோ, பவரைக் கொஞ்சம் கம்மியா வெச்சு கண்ணாடி போட்டா கண்ணு பழகிடும்ங்கறாங்க. யாராவது பிள்ளைக்குப் போட்டிருக்கீங்களா?

கொடுங்கையூர் கறார்:
வேணாம்மா. மணலிப் பக்கத்துக் காத்து இந்தப் பக்கம் திரும்பினா பெரியவங்களுக்கே கண்ணு எரியுது. அதுல பிள்ளை கண்ணுல பிளாஸ்டிக்கா? ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 730 லென்ஸ். யாருக்கு லாபம்னு கணக்குப் போடுங்க.

ராயபுரம் லென்ஸ்காரன்:
நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் பவர் பாத்து கண்ணாடி, லென்ஸ் கொடுக்கிறவன், அதனால என் பேச்சையும் சந்தேகத்தோடவே கேளுங்க அக்கா. முதல்ல மாமியார் சொன்னது: பவர் குறைச்சுப் போட்ட பிள்ளைகளுக்கு இன்னும் வேகமா ஏறிச்சுன்னு மலேசியாவுல பண்ண ஆய்வு 2002-லயே வந்தாச்சு. அதைப் பண்ணாதீங்க.

கிட்டப்பார்வைன்னா பெரும்பாலும் கண் உருண்டை நீளமா வளர்றதுதான். சாதாரண கண்ணாடி நடுப்பார்வையைச் சரி பண்ணிடும். ஓரத்துல விழுற வெளிச்சம் மட்டும் விழித்திரைக்குப் பின்னால போய்க் குவியும். அதைப் பிடிக்கத்தான் கண்ணு இன்னும் நீளுதுன்னு நினைக்கிறாங்க. இந்த லென்ஸ்ல வளையம் வளையமா வேற பவர் இருக்கும். கொஞ்சம் வெளிச்சத்தை விழித்திரைக்கு முன்னாடியே குவிச்சிடும். மைசைட்னு ஒண்ணுக்கு 2019 நவம்பர்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. ஆரம்பிக்கிற வயசு 8ல இருந்து 12. மூணு வருஷ ஆய்வுல பவர் ஏறுறது 59% குறைஞ்சுது.

கொடுங்கையூர் கறார்:
தம்பி, அந்த 59-ஐக் கொஞ்சம் பிரிச்சுப் பாப்போமா? சாதாரண லென்ஸ் போட்ட பிள்ளைக்கு மூணு வருஷத்துல மைனஸ் 1.24 ஏறிச்சு, இதைப் போட்டதுக்கு 0.51. வித்தியாசம் முக்கால் பவர்கூட முழுசா இல்ல. ஆய்வுக்குக் காசு கொடுத்தது லென்ஸ் கம்பெனி. முக்கால் பவருக்காக தினமும் பிள்ளை கண்ணுல விரலை விடணுமா?

ராயபுரம் லென்ஸ்காரன்:
கணக்கு சரிதான் அண்ணே, ஒத்துக்கறேன். ஆனா அமெரிக்க அரசுப் பணத்துல 294 பிள்ளைகளை வெச்சு வேற மல்டிஃபோகல் லென்ஸ்லயும் (ஒரே லென்ஸ்ல ஒண்ணுக்கு மேல பவர் இருக்கிறது) பாத்தாங்க, 2020-ல வந்துது. அங்கயும் மூணு வருஷத்துல 1.05 ஏற வேண்டியது 0.60-ல நின்னுது. முக்கால் பவர் சின்னது இல்ல. கடைசியா நிக்கிற பவர்ல ஒண்ணு குறைஞ்சாலே விழித்திரை நடுப்பகுதி கெடுற ஆபத்து 40% குறையுதுன்னு கணக்கு இருக்கு. எங்க அக்காவுக்கு மைனஸ் 11. முப்பத்தெட்டு வயசுல விழித்திரை கிழிஞ்சு லேசர் வெச்சாங்க. இன்னிக்கும் கனமான குடத்தைத் தூக்கச் சொன்னா பயப்படுவா.

வியாசை கோலி:
எம்பையன் ஃபுட்பால் ஆடுறான், கோல்கீப்பர். கண்ணாடியக் கழட்டிட்டுத்தான் நிப்பான். கார்னர் கிக் வந்தா பந்து எங்கன்னே தெரியாது, சத்தத்தை வெச்சு பாய்வான். லென்ஸ் போட்டு எட்டு மாசம் ஆச்சு. பவர் நின்னுச்சான்னு இப்ப சொல்ல முடியாது. பந்தைப் பிடிக்கிறான், அது தெரியுது.

கொடுங்கையூர் கறார்:
ஆடட்டும்பா, யார் வேணாங்கறா. வெயில் வெளிச்சத்துல ஆடினாலே கிட்டப்பார்வை வர்றது தள்ளிப்போகுது. சீனாவுல குவாங்சோ பள்ளிகள்ல தினம் 40 நிமிஷம் கூடுதலா வெளிய விட்டாங்க, மூணு வருஷத்துல 39.5% பேருக்கு வர வேண்டியது 30.4%-ஆ ஆச்சு. நம்ம பிள்ளைங்க ஸ்கூல் விட்டா டியூஷன், டியூஷன் விட்டா போன்.

ராயபுரம் லென்ஸ்காரன்:
அது இன்னும் பவர் வராத பிள்ளைக்கு நல்ல மருந்து அண்ணே. வந்துட்டவங்களுக்கு அது ஒண்ணையே நம்ப முடியாது.

கொடுங்கையூர் கறார்:
அப்ப கண்ணாடியே இருக்கே? ஹாங்காங்ல நடுவுல சாதா பவர், சுத்தி பொடிப்பொடியா குட்டி லென்ஸ் பதிச்ச கண்ணாடி போட்டு ரெண்டு வருஷம் பாத்தாங்க. 52% குறைஞ்சுது. கண்ணைத் தொடவே வேணாம். இதை ஏன் முதல்லயே சொல்லல?

ராயபுரம் லென்ஸ்காரன்:
இது என் தப்பு, சொல்லியிருக்கணும். கண்ணாடியைக் கழட்டாம போடுற பிள்ளைக்கு அதுவே போதும். அட்ரோபின் சொட்டு மருந்தும் இருக்கு, அது டாக்டர் பார்த்து எழுதணும். அக்கா, லென்ஸ்னு முடிவு பண்ணா ஒரே ஒரு விஷயம்: தண்ணி ஆகாது. மெட்ரோ தண்ணி, லாரித் தண்ணி, கேன் தண்ணி எதுவும் லென்ஸ்ல படக் கூடாது. தண்ணில இருக்கிற அகந்தமீபான்னு ஒரு கிருமி கருவிழியைத் தின்னுடும். சோப்பு போட்டுக் கையக் கழுவி, பஞ்சு ஒட்டாத துணியில ஈரம் போகத் துடைச்சிட்டுத்தான் லென்ஸைத் தொடணும். கண்ணு சிவந்தா அன்னிக்கு லென்ஸ் கிடையாது, நேரா டாக்டர்கிட்ட.

பழைய வண்ணை அம்மா:
எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை கண்ணோட நீளத்தை அளந்தாங்க, டிரையல் லென்ஸும் போட்டுப் பாத்தோம். முதல் தடவை அழுதா. மூணாவது தடவை அவளே போட்டுட்டா. நான்தான் பாக்க முடியாம வெளிய போய் நின்னேன். நேத்து வீட்டுல காலையில தானே போட்டுக்கிட்டா. வீட்டுக்காரர் இன்னும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்கார்.

கொடுங்கையூர் கறார்:
போடறதுக்கு முன்னாடி கையைத் துடைச்சாளா?

பழைய வண்ணை அம்மா:
துடைச்சா அண்ணே. என் முந்தானையில.