சைக்கிளின் பின் சக்கரக் கம்பிகள் அறுந்துகொண்டே இருக்கின்றன: பாமிர் சாலையில் உதவி தேவை

தஜிகிஸ்தானில், முர்காப்பில் நிற்கிறேன். கோரோக்கை விட்டுக் கிளம்பியதிலிருந்து பின் சக்கரத்தில் கம்பி அறுகிறது. எல்லாமே கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) பக்கம்தான், ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) வளைந்து மாட்டும் இடத்தில். சாலையோ தகரக் கூரை மாதிரி அலை அலையாக இருக்கிறது, கேட்கவே வேண்டாம்.

வண்டி ஸ்டீல் பிரேம், 26 அங்குல ரிம், 36 கம்பி, 9 வேக கேசட். ரிம்மில் விரிசல் இல்லை. கூடாரம், தண்ணீர் சேர்த்துச் சுமை 30 கிலோ இருக்கும்.

கேசட்டைக் கழற்றிப் புதுக் கம்பி போட்டுக் கோட்டம் எடுத்தேன். பாதிச் சுமையை முன்னால் மாற்றினேன். டயரில் காற்றையும் குறைத்தேன். அடுத்த மேட்டிலேயே மறுபடி ‘டிங்’. விரலால் சுண்டினால் அந்தப் பக்கக் கம்பிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு சுருதியில் ஒலிக்கின்றன. கையிருப்பு தீர்ந்துவிட்டது. இங்கே கண்டெய்னர்களில்தான் சந்தை; அங்கே கிடைத்த கம்பி தடிமன், ஹப் துளையில் நுழையவில்லை.

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரம் இன்னும் 400 கி.மீ.க்கு மேல். நடுவில் 4,655 மீட்டர் அக்-பைத்தால் கணவாய் வேறு.

இடது பக்கக் கம்பிகள் 2 மி.மீ. நீளம் அதிகம். அதில் சிலவற்றைக் கழற்றி கேசட் பக்கம் போட்டு ஓஷ் வரை ஓட்டலாமா?