தெம்பே கறுத்துப் போச்சு, நாத்தம் அடிக்குது. சாப்பிடலாமா? அவசரம்

கிள்ளான் கவி:
வீட்டுல முதல் தடவையா தெம்பே, அதான் சோயாவைப் பூஞ்சை விட்டுக் கட்டியாக்குறது, போட்டேன். சோயா தோல் எடுத்து, வேக வச்சு, ராகி எல்லாம் சரியாத்தான் போட்டேன். இன்னிக்குக் காலையில பார்த்தா மேல அங்கங்க கறுப்பு, நடுவுல கொழகொழன்னு, மூக்கைத் துளைக்கிற நாத்தம். நாளைக்கு மாமியார் வர்றாங்க. தெம்பே சம்பல் பண்றேன்னு வாயை விட்டுட்டேன். எங்க தப்பு?

கோவை சமையல்காரன்:
ராகி எதுக்குங்க? கேழ்வரகைப் புளிக்க வச்சா அப்படித்தான் நாறும்.

ஜேபி மணி:
அண்ணே, அது மலாய் ராகி! பூஞ்சை வித்து கலந்த தூள். உங்க ஊர்க் கூழ் இல்ல லா. தங்கச்சி, எத்தனை மணி நேரம் வச்சே? பிளாஸ்டிக் பையா, வாழையிலையா? ஒண்ணுமே சொல்லலையே.

பினாங்கு அக்கா:
ராகி தூளா இருந்துச்சா, வெள்ளையா வட்டு மாதிரி இருந்துச்சா? வட்டுன்னா அது தாப்பாய்க்கு, அதான் புளிக்க வச்ச இனிப்புக்குப் போடுறது. மரவள்ளிக்கும் புலுட் அரிசிக்கும் (ஒட்டுற அரிசி) தான் ஆகும். என் நாத்தனார் இப்படித்தான் ரெண்டு கிலோ சோயாவைப் பாழாக்கினா. கண்டிப்பா இதுதான்.

செரம்பான் செல்வா:
ராகியை விடுங்க. வேகும்போது வினிகர் ஊத்தினீங்களா? ஊத்தலைன்னா மத்த கிருமி ஏறும். நான் எப்பவும் ஊத்துவேன், ஒரு தடவை கூடக் கெட்டதில்ல.

நொதி நாதன்:
மாதம் ஒருமுறை இதே கேள்வி. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. தெம்பே என்பது இட்லி மாவு அல்ல. ரைசோபஸ் என்ற பூஞ்சை, வெள்ளை இழை விட்டுப் பருப்போடு பருப்பைத் தைத்துக் கட்டியாக்குகிறது. அதற்கு வேண்டியது மூன்று: 30 டிகிரியை ஒட்டிய வெப்பம், கொஞ்சம் காற்று, மேலே ஈரம் நிற்காத பருப்பு. எதைக் கெடுத்தீர்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நாங்கள் ஜோசியக்காரர்கள் இல்லை.

அம்பத்தூர் ரவி:
கொட்டிடுங்க மேடம்! ஜாவாவுல தெம்பே சாப்பிட்டு நிறைய பேர் செத்திருக்காங்க.

ஜொக்ஜா ராஜா:
வேலைக்காக ஜாவாவுலயே இருக்கேன் சார், தினம் தெம்பேதான், உயிரோட இருக்கேன். நீங்க சொல்றது தெம்பே போங்க்ரெக். அது தேங்காய்ச் சக்கையில போடுறது. 1988லயே அரசாங்கம் தடை பண்ணிருச்சு. சோயா தெம்பே வேற. கவி, கறுப்பு மட்டும்னா பயப்பட வேணாம். பூஞ்சை முத்தி வித்து விட்டா அப்படித்தான் கறுக்கும். கொழகொழப்புதான் இடிக்குது. எப்படி வச்சீங்க?

கிள்ளான் கவி:
தூள் ராகிதான் அக்கா. வினிகரும் ஊத்தினேன். 40 மணி நேரம் இருக்கும். ஜிப் பையில கட்டி, வீடியோவுல சொன்ன மாதிரி ஓவன்ல லைட்டைப் போட்டு, துண்டு சுத்தி, நாலு பையையும் அடுக்கி வச்சேன்.

ஜேபி மணி:
கிள்ளான் வெயில்ல ஓவனா!! அந்த வீடியோக்காரன் குளிர் நாட்டுக்காரனா இருப்பான். நம்ம ஊர்ல சும்மா மேசை மேல வச்சாலே வரும். ஒரு 12 மணி நேரம் தாண்டினா தெம்பே தானே சூடேறும், தொட்டுப் பார்த்தா காய்ச்சல்காரப் பிள்ளை நெத்தி மாதிரி இருக்கும். அந்த நேரத்துல பைகளைத் தனித்தனியாப் பரப்பணும். நீ துண்டு சுத்தி அடுக்கினா நடுப் பையில பூஞ்சை செத்துரும், பாக்டீரியா ஏறி அம்மோனியா அடிக்கும். ஆமா, பையில ஓட்டை போட்டியா?

கிள்ளான் கவி:
ஓட்டை போடணுமா???

பினாங்கு அக்கா:
அட கடவுளே.

ஜொக்ஜா ராஜா:
கொழகொழன்னு இருக்கிறதைத் தூக்கிப் போடுங்க. ஆனா நாத்தம் அடிச்சா எல்லாமே குப்பைன்னு நினைச்சுடாதீங்க. இங்க நல்ல தெம்பேயை வேணும்னே ரெண்டு நாள் கூடுதலா விட்டு முத்த வைப்பாங்க, செமாங்கிட்னு பேரு. கெடிரி பக்கம் அதைத் தேங்காய்ப்பால்ல இடிச்சுப் போட்டு சம்பல் தும்பாங் வைப்பாங்க. அந்த வாசனைக்காகவே போறவங்க உண்டு. எனக்கு என்னமோ பன்யுமாஸ் ஊர்ப் பக்கத்து மெண்டோவான் தெம்பேதான். தாள் மாதிரி சீவி, மாவுல முக்கி, அரைவேக்காடா எடுத்து, பச்சை மிளகாயைக் கடிச்சுக்கிட்டே சாப்பிடணும்.

செரம்பான் செல்வா:
அரைவேக்காடா? தெம்பேன்னா மொறுமொறுன்னு பொரிக்கணும். நெத்திலி, கடலை, கிச்சாப் (சோயா சாஸ்) போட்டுப் பிரட்டணும்.

ஜொக்ஜா ராஜா:
நெத்திலி போட்டா நெத்திலிதான் வாசம் அடிக்கும் அண்ணே, தெம்பே எங்க?

பினாங்கு அக்கா:
நான் சைவம், நெத்திலி வேணாம். பி12க்காகவே வாரம் மூணு தடவை தெம்பே சாப்பிடுறேன்.

நொதி நாதன்:
பூஞ்சை பி12 செய்யாது. கூடவே வந்து ஒட்டும் சில பாக்டீரியாதான் செய்யும். எவ்வளவு என்பதற்கு உத்தரவாதமில்லை. மாத்திரை போடுங்கள்.

பினாங்கு அக்கா:
பத்து வருஷமா சாப்பிடுறேன், எனக்கு ஒண்ணும் ஆகல.

நொதி நாதன்:
ரத்தப் பரிசோதனை எடுத்தீர்களா?

பினாங்கு அக்கா:
உங்களுக்கு எதுக்கு லா அது?

கிள்ளான் கவி:
கொட்டிட்டேன். பாசார்ல (சந்தை) வாழையிலைத் தெம்பே வாங்கி, மணி அண்ணே சொன்னபடி இன்னொரு சோயாவும் மேசை மேல போட்டு வச்சிருக்கேன், ஓட்டையோட. மாமியார் வந்தாச்சு, அப்புறம் பேசுறேன்.

கோவை சமையல்காரன்:
அந்த மலாய் ராகி கோயம்புத்தூர்ல எங்கங்க கிடைக்கும்?