மறு: கட்டடக்கலையில் ‘புரோகிராமிங்’ – ‘தேவையாய்வு’ போதுமா?

குழுவினருக்கு வணக்கம்.

> ‘தேவையாய்வு’ என்றே வைத்துவிடலாம். எளிது, யாருக்கும் புரியும்.

எளிதுதான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. கட்டடக்கலைஞர் பிளான் வரைய உட்காருவதற்கு முன்னால், யார் அங்கே இருக்கப்போகிறார்கள், மனை எப்படிப்பட்டது, என்னென்ன வேண்டும் என்று துருவும் வேலையை ஆங்கிலத்தில் ‘புரோகிராமிங்’ என்கிறார்கள்; அந்த வேலை முழுவதற்கும் தமிழில் பெயர் தேடுகிறோம். இந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் வில்லியம் பெஞ்யா. 1969-இல் வெளிவந்த அவரது கையேட்டில் ஐந்து படிகள் உண்டு: இலக்குகளை வகுத்தல், தகவல் திரட்டி அலசுதல், கருத்துகளைக் கண்டறிந்து சோதித்தல், தேவைகளை உறுதிசெய்தல், கடைசியாகச் சிக்கல் இன்னதென்று எழுதிவைத்தல். சிக்கலைத் தேடுவது இந்த வேலை, தீர்ப்பது வடிவமைப்பு என்பது அவர் கட்சி. தேவை வருவது நான்காம் படியில். ஒரு படியின் பெயரை ஏணி முழுவதற்கும் சூட்டுவானேன்?

மற்ற இரண்டு முன்மொழிவுகளையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ‘நிரலாக்கம்’ கணினிக்காரர்களிடம் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஈரோட்டில் ‘கட்டட நிரலாக்கம்’ என்று பலகை மாட்டினால் மென்பொருள் படிக்கப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். ‘மனையாய்வு’ என்றால் எங்கள் பக்கம் மனையடி சாஸ்திரக்காரர் வந்துவிட்டார் என்று வெற்றிலை பாக்கு எடுத்து வைப்பார்கள்.

‘தேவை’ என்ற சொல்மேல் எனக்கு ஒரு சொந்தக் கோபமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கொடுமுடிப் பக்கம் ஒரு மஞ்சள் தோட்டத்தில் வீடு வரைந்து கொடுத்தேன். தேவைகளைக் கேட்டு ஒரு தாள் நிறைய எழுதிக்கொண்டேன். பெரிய ஹால், மூன்று படுக்கையறை, பூசையறை, கார் நிற்கப் போர்டிகோ. ஒன்றைக்கூட விடவில்லை. குடிபோன அடுத்த மாசியில் அந்த வழியாகப் போனபோது உள்ளே எட்டிப்பார்த்தேன். ஹாலில் சோபாவைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு மூட்டைகளை அட்டி போட்டிருந்தார்கள். விலை ஏறட்டும் என்று வைத்திருந்த போன வருடத்து மஞ்சள். இந்த வருடத்து மஞ்சள் வெந்து வாசலில் கிடந்தது. வேகவைத்த மஞ்சள் பத்துப் பதினைந்து நாளாவது நல்ல வெயில் பார்க்க வேண்டும். என் போர்டிகோவோ வாசலுக்கு மேற்கே நின்றது. பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் அதன் நிழல் வாசலுக்குள் நீண்டுவிட, அந்த வீட்டு அம்மா நிழலுக்கு முன்னால் முன்னால் மஞ்சளை விளக்குமாற்றால் கிழக்கே தள்ளிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க, காபி குடிக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் தள்ளினார். பெரியவர் மாடு கட்டும் கட்டுத்தறிப் பக்கம் கயிற்றுக்கட்டிலில் இருந்தார். ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்தாலும் அங்கேதானாம்.

வாசலில் மஞ்சள் காய்வதை அவர்கள் என்னிடம் சொல்லவில்லை. தாத்தா காலத்திலிருந்து நடப்பதை யாரும் ‘தேவை’ என்று பட்டியலில் எழுதச் சொல்வதில்லை. ஒரு மாசி மாதம் முழுவதும் அந்த வாசலில் நான் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். பெஞ்யாவின் நிறுவனத்தார் அதைத்தான் செய்தார்கள்: வரைபலகையோடு வாடிக்கையாளர் இடத்துக்கே போய், நாள் கணக்கில் கூடாரமடித்தாற்போல் இருந்து வேலை பார்த்தார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: புழக்க ஆய்வு.

‘புழங்குதல்’ இங்கே அன்றாடச் சொல். கோயம்புத்தூரில் குடிக்கச் சிறுவாணித் தண்ணீர், மற்றபடி புழங்கச் சப்பைத் தண்ணீர், அதாவது உப்புத் தண்ணீர். ஆள் சொல்வதைக் காட்டிலும் ஆள் செய்வதைக் குறிக்கிற சொல் இது. எனக்கு வேண்டியதும் அதுதான். பிரித்தே எழுத வேண்டுகிறேன். இலக்கணப்படி சேர்த்து ‘புழக்கவாய்வு’ என்று எழுதினால் வைத்தியரிடம் அனுப்பிவிடுவார்கள்.

> புழக்கம் ஆட்களைச் சொல்கிறது. மனையை எங்கே சொல்கிறது?

இந்தச் சொல்லை முன்கூட்டியே சொன்னபோது திருப்பூர் நண்பர் கேட்ட இந்தக் கேள்வி நியாயமானது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்றை (மேற்குக் காற்றை)க் கணக்கில் எடுக்காமல் எங்கள் பக்கம் ஒரு சன்னல்கூட வைக்க முடியாது. ஆனால் என்னோடு வேலை செய்யும் மேஸ்திரி, ‘காற்று புழங்க வழி விடுங்கள்’ என்றுதான் சொல்கிறார். வெயிலும் மழைத்தண்ணீரும் மனையில் புழங்குபவைதாம் என்று கொண்டால் சொல் தாங்கும். கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு வசதி, இந்த வேர் கிளைவிடும். குடியேறிச் சில காலம் கழித்துக் கட்டடம் எப்படி இருக்கிறது என்று திரும்பப் போய்ப் பார்க்கும் ஆய்வுக்குப் ‘புழங்கியபின் ஆய்வு’ என்று சொல்லலாம். நான் கொடுமுடியில் தற்செயலாகச் செய்தது அதுதான். எல்லாவற்றையும் எழுதிக் கையொப்பம் வாங்கும் ஆவணத்துக்குப் ‘புழக்கக் குறிப்பேடு’.

ஓர் இடைஞ்சல் மட்டும் தீரவில்லை. கட்டடத்துக்குள் ஆட்கள் நடந்து போய்வரும் தடங்களைச் சிலர் ஏற்கெனவே ‘புழக்கவழி’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டும் முட்டிக்கொள்ளும். அதற்கு ‘நடைத்தடம்’ சரிப்படுமா? வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து