வடக்குத் தெரு வீடு: குடும்பக் குழு, மார்ச் கடைசி வாரம்

அகிலா (இரவு 9:52): பெரியம்மா, இன்றும் உங்கள் அழைப்பை எடுக்க முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். வங்கியில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரம். அத்தை இடுப்பு அறுவைக்குப் பிறகு இப்போதுதான் வாக்கர் பிடித்து நடக்கிறார். சின்னவனுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. குக்கர் விசில் அடித்தால்கூட நெஞ்சு படபடக்கிறது.

மூர்த்தி சித்தப்பா: மன அழுத்தம் நீங்க 21 வழிகள்!! 1. அதிகாலை 4 மணிக்கு எழுந்து வெந்நீர் அருந்தவும். 2. ஒரு மணி நேரம் நடக்கவும்...

அகிலா: சித்தப்பா, முதல் வழியிலேயே தோற்றுவிட்டேன் 😄

செந்தில்: இருபத்தோராவது வழியைப் பார்த்தாயா? "இதைப் பத்துப் பேருக்கு அனுப்பவும்."

மூர்த்தி சித்தப்பா: நல்லதைத்தானேடா அனுப்பினேன்.

கவிதா: அக்கா, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் ஏதாவது உண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.

அகிலா: அதெல்லாம் இல்லை. போன வாரம்தான் இசிஜி எடுத்தேன், சரியாக இருக்கிறது என்றார்கள்.

கவிதா: அப்படியென்றால் இதைச் செய்து பாருங்கள். நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சுதான் வரும். மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும், அதனால்தான் விடும் நேரம் நீளமாக இருக்கவேண்டும். வார்டில் நெருக்கடியான நாட்களில் மருந்து அறையில் நின்றபடி நானே செய்வேன்.

அகிலா: கவுன்டரில் உட்கார்ந்து செய்யலாமா?

கவிதா: எதிரே இருப்பவர் செல்லானை நிரப்பும் நேரம் போதும். கண்ணை மூடவேண்டாம், யாருக்கும் தெரியாது.

ஜெயா பெரியம்மா: காபி எத்தனை குடிக்கிறாய்?

அகிலா: மாலை ஆறு மணிக்கு ஒன்று கண்டிப்பாக வேண்டும் பெரியம்மா. இல்லாவிட்டால் எண்களே கண்ணுக்குத் தெரியாது.

கவிதா: ஆறு மணிக்குக் குடித்த காபியில் உள்ள காஃபீனில் ஏறத்தாழப் பாதி, பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும் அக்கா. அப்புறம் தூக்கம் எங்கிருந்து வரும்?

ஜெயா பெரியம்மா: காபித்தூள் போடாமல் சுக்குமல்லி போட்டு பிளாஸ்கில் எடுத்துப் போ. பொடி நான் இடித்துத் தருகிறேன்.

அகிலா: படுத்தாலும் நாளைய வேலை தலைக்குள் வரிசையாக ஓடுகிறதே.

ஹரிணி: அத்தை, எங்கள் உளவியல் வகுப்பில் ஒரு ஆய்வு சொன்னார்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் செய்து 2018இல் வெளியிட்டது. படுக்கும் முன் ஐந்து நிமிடம் மறுநாள் செய்யவேண்டியவற்றை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கியிருக்கிறார்கள். காகிதத்தில் எழுதுங்கள், போனைக் கையில் எடுத்தால் இந்தக் குழுவுக்குத்தான் வந்து நிற்பீர்கள்.

மூர்த்தி சித்தப்பா: நான் பால் கணக்கு நோட்டிலேயே எழுதிவிடுவேன். ஆய்வு எல்லாம் எனக்குத் தெரியாது.

ஜெயா பெரியம்மா: மூச்சு, சுக்குமல்லி, நோட்டு எல்லாம் சரி. இவள் தலையில் இருப்பதை யாராவது கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டாமா? மாப்பிள்ளை எங்கே?

அகிலா: ஓசூரில்தான். ஏப்ரல் முதல் வாரம்தான் வருவார்.

செந்தில்: நான் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தானே இருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வந்திருப்பேனே.

ஜெயா பெரியம்மா: கேட்பதற்கும் தெம்பு வேண்டுமடா. கூடப் பிறந்தவனுக்கு அழைப்பிதழ் வைக்கவேண்டுமா?

அகிலா: ஐயோ, அண்ணனைத் திட்டாதீர்கள். எல்லாருக்கும் அவரவர் வேலை இருக்கிறது.

மூர்த்தி சித்தப்பா: சின்னவனுக்குக் கணக்குத் தேர்வு முடியவில்லையே? தினமும் எட்டு மணிக்கு வீடியோ அழைப்பில் வரச்சொல். இருபடிச் சமன்பாட்டில் ஆரம்பிப்போம். முப்பது வருடம் அதைத்தானே கரும்பலகையில் எழுதினேன்.

அகிலா: சித்தப்பா, இது அந்த 21 வழிகளில் இல்லையே 🙏

கவிதா: இன்னொன்று அக்கா. இந்த வாரம் கழிந்தும் தூக்கமும் படபடப்பும் சரியாகவில்லை என்றால் 14416க்குப் பேசுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

மூர்த்தி சித்தப்பா: அது மனநோய் உள்ளவர்களுக்கு அல்லவா?

கவிதா: தூக்கம் வராதவர்களும் தேர்வு பயம் உள்ள பிள்ளைகளும்கூடப் பேசலாம் சித்தப்பா.

செந்தில்: அகிலா, ஞாயிற்றுக்கிழமை நானும் ஹரிணியும் காலையிலேயே வருகிறோம். அத்தைக்கு என்ன, எப்போது என்று எழுதிப் போடு.

அகிலா: எட்டு மணிக்கு இட்லி, பிறகு மாத்திரை. பத்து மணிக்குப் பிசியோதெரபி செய்பவர் வருவார். அவர் வரும்போது யாராவது பக்கத்தில் நிற்கவேண்டும், அத்தை வலிக்கிறது என்று பாதியில் நிறுத்திவிடுவார்.

ஹரிணி: நான் நிற்கிறேன். நீங்கள் அந்த நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

செந்தில்: வாக்கர் காலில் ரப்பர் தேய்ந்துவிட்டது என்றாயே, படம் எடுத்து அனுப்பு. வரும் வழியில் வாங்கிவிடுகிறேன்.